ஒரு பல்பு, ஒரு வேட்டி, இரண்டு தெர்மாகோல்: வீட்டு ஸ்டூடியோவுக்கு வெளிச்சம்

வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டூடியோ போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எத்தனை லைட் வாங்கணும், எத்தனை வாட்ஸ்?" என்பதைத்தான். நான் மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் படம் எடுக்கிறேன். சுங்குடிச் சேலை விற்பவர்கள், பித்தளைச் சாமான் விற்பவர்கள், டெரகோட்டா நகை செய்து ஆன்லைனில் விற்கும் பெண்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அந்த அறையில் பெரும்பாலான நாள் எரிவது ஒரே ஒரு லைட். ஒன்று போதும். ஆனால் அது பெரிதாக இருக்க வேண்டும், பொருளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கையில் இருக்கும் காசை இந்த இரண்டுக்காகச் செலவழியுங்கள்.

பெரிது என்று நான் சொல்வது வாட்ஸை அல்ல, பரப்பை. வெறும் பல்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அத்தனை சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கத்தி வைத்து வெட்டியது போல நிழல் போடும். அதே பல்பின் முன்னால் ஐந்தடி உயரத்துக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால், துணி முழுவதும் விளக்காக மாறிவிடுகிறது. ஐந்தடி விளக்கு பொருளின் நாலா பக்கமும் எட்டிப் பார்க்கும், நிழலின் ஓரம் கரைந்துவிடும். துணியைத் தள்ளி வைத்தால் பொருளின் கண்ணுக்கு அது மறுபடி சிறிதாகிவிடும். அதனால்தான் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். மூன்றடியில் இருக்கும் லைட்டை ஆறடிக்கு நகர்த்தினால், பழைய வெளிச்சம் கிடைக்க நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும். பக்கத்தில் வைப்பதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

முதலில் அறை

பத்துக்குப் பத்து அறை தாராளமாகப் போதும். ஆனால் சுவரின் நிறத்தைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பிஸ்தா பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள் என்று ஆசையாக அடித்து வைத்திருப்போம். லைட் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும்போது சுவரின் சாயத்தையும் சேர்த்துக் கொண்டு வரும். பச்சைச் சுவர் உள்ள அறையில் வெள்ளிக் கொலுசை எடுத்துப் பாருங்கள், கொலுசின் நிழல் பக்கம் பாசி பிடித்தது போல இருக்கும். கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வைக்கும் ஒயிட் பேலன்ஸை மாற்றி இதைச் சரி செய்ய முடியாது. ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் வெள்ளை என்று இரண்டு நிற வெளிச்சம் கலந்து கிடக்கிறது அல்லவா? புதிதாக வெள்ளை அடிக்க முடிந்தால் பளபளப்பில்லாத வெள்ளையாக அடியுங்கள். முடியாவிட்டால் படம் எடுக்கும் பக்கத்துச் சுவரில் மட்டும் பழைய வெள்ளைப் பெட்ஷீட்டைத் தொங்க விட்டாலே போதும்.

அறையில் இருக்கும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பக்கத்து அறையில் மஞ்சள் பல்பு எரிந்தால் கதவைச் சாத்துங்கள். ஒரு படத்தில் ஒரு நிற வெளிச்சம்தான் இருக்க வேண்டும். ஃபேனையும் நிறுத்துங்கள், மதுரை வெயிலில் இது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் துணி ஆடினால் வெளிச்சமும் ஆடும், தொங்கும் சேலையும் ஆடும்.

ஜன்னல் இருந்தால்

நல்ல ஜன்னல் இருப்பவர்கள் பகல் வேலைக்கு லைட்டே வாங்க வேண்டாம். ஜன்னலில் ஒரு வெள்ளைத் துணி, எதிர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல், அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் ஒன்றை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். வடக்கு ஜன்னலில் வருஷம் முழுக்க நேர் வெயில் விழாது என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது பெரும்பாலும் சரி. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் சாயங்காலமும் வெயில் வடக்கு ஜன்னலில் சாய்வாக உள்ளே வரும். அப்போது தெற்கு ஜன்னல்தான் நிம்மதி. மார்கழி, தை மாதங்களில் வடக்கு ஜன்னல். உங்கள் வீட்டு ஜன்னல்களை இந்தக் கணக்கோடு பார்த்து வையுங்கள்.

எனக்கு ஜன்னலில் இருக்கும் ஒரே குறை, மேகம். நாற்பது சேலை எடுக்க வேண்டிய நாளில் முதல் சேலை ஒரு நிறம், முப்பதாவது சேலை வேறு நிறம் என்று ஆகிவிடும். விற்பனைக்கு எடுக்கும் படத்தில் அது ஆகாது. அங்கேதான் பல்பு தேவைப்படுகிறது.

பல்பு வாங்கும்போது

எலக்ட்ரிக் கடையில் வாட்ஸைக் கேட்காமல் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "அண்ணே, சிஆர்ஐ தொண்ணூறுக்கு மேல இருக்கா?" என்று கேளுங்கள். சிஆர்ஐ என்பது ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு. அதிகபட்சம் 100. வீட்டுக்கு வாங்கும் சாதாரண எல்இடி பல்புகள் 80-ஐ ஒட்டி இருக்கும். நடமாட அது போதும், படத்துக்குப் போதாது. 80 உள்ள பல்புகள் முக்கியமாகக் கோட்டை விடுவது ஆழ்ந்த சிவப்பைத்தான். அரக்கு, குங்குமம், செங்கல் நிறம், மனிதத் தோல் எல்லாமே சிவப்பை நம்பித்தான் இருக்கின்றன. நம் சேலைகளில் பாதி அரக்குதான். நான் செய்யும் சோதனை சுலபம். ஒரு துண்டு அரக்குத் துணியையும் உங்கள் உள்ளங்கையையும் முதலில் ஜன்னல் ஓரத்தில் பாருங்கள். அப்புறம் பல்பின் கீழே பாருங்கள். துணி காய்ந்த புளி நிறத்துக்கு மங்கி, உள்ளங்கையில் ரத்த ஓட்டம் இல்லாதது போலத் தெரிந்தால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறத்துக்கு அட்டையில் கெல்வின் போட்டிருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள். 4000 நடுவாந்தரம். 6500 நீலம் கலந்த வெள்ளை, நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். எதை எடுத்தாலும் கேமராவில் சரி செய்துகொள்ளலாம், இரண்டு விதத்தைக் கலக்காமல் இருந்தால் போதும். ஜன்னலோடு சேர்த்து எரிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 5000-க்கு மேல் பாருங்கள்.

இன்னொரு விஷயம், ஹோல்டர். நம் வீடுகளில் இருப்பது இரண்டு முள் வைத்த பி22. ஸ்டூடியோ சாமான் என்று விற்கும் குடை ஹோல்டர்களில் பெரும்பாலும் திருகும் வகை, இ27. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சின்ன அடாப்டர் எலக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நடை ஆகும்.

20 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று, மேஜையில் கவ்விக்கொள்ளும் படிப்பு விளக்கு ஒன்று. இவ்வளவுதான் முதல் செலவு. கல்யாண மண்டபத்தில் பார்க்கும் ஹாலோஜன் ஃபோகஸ் லைட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் துணி கட்டினால் தீப்பிடிக்கும்.

வேட்டிச் சட்டம்

இதுதான் என் ஸ்டூடியோவின் உயிர். நாலு முழம் ஒற்றை வேட்டி, பருத்தி, புதியது. ஆறடி நீளமும் நாலடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ அகலமும் இருக்கும். முக்கால் இஞ்ச் பிவிசி பைப் இருபதடி நீளம் ஒன்று, எல்போ நாலு. பைப்பை ஐந்தடியில் இரண்டு, மூன்றரை அடியில் இரண்டாக அறுத்து எல்போவில் சொருகினால் சட்டம் ரெடி. பசை போடாதீர்கள், வேலை முடிந்ததும் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வேட்டியை நான்கு பக்கமும் இழுத்து மடித்துத் துணி கிளிப் போடுங்கள். சட்டத்தை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் கயிற்றால் கட்டினால் நிற்கும்.

கரையை உள்ளே விடாமல் பின்னால் மடித்துவிட வேண்டும். பச்சைக் கரையோ ஜரிகைக் கரையோ வெளிச்சத்தின் வழியில் இருந்தால் பாத்திரத்தில் ஒரு கோடாகத் தெரியும். அப்புறம், துவைக்கும்போது நீலம் போடாதீர்கள். நீலம் போட்ட வேட்டி கண்ணுக்குப் பளீரென்று தெரியும், ஆனால் வெளிச்சத்தைக் குளிர்ந்த நிறமாக்கிவிடும். ஒரு வேட்டிக்கு நீலம், இன்னொன்றுக்கு இல்லை என்று இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தவே முடியாது. கஞ்சி போடலாம், சுருக்கம் விழாது.

பல்பை வேட்டிக்குப் பின்னால் இரண்டரை, மூன்றடி தள்ளி வையுங்கள். எல்இடி பல்பில் வெளிச்சம் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் போகும், அதனால் உருண்டைப் பக்கம் வேட்டியைப் பார்க்கட்டும். பிறகு பொருள் இருக்கும் இடத்தில் உங்கள் தலையை வைத்து வேட்டியைப் பாருங்கள். நடுவில் பல்பு ஒரு வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் பின்னால் தள்ளுங்கள். வேட்டி முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளுத்து நிற்க வேண்டும்.

வெளிச்சம் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். வேட்டி ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும், உண்மைதான். ஆனால் சேலையும் பாத்திரமும் எங்கேயும் ஓடப் போவதில்லை. கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸின் திறப்பு) 8, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) அரை வினாடி என்று வைத்துப் பாருங்கள். ஷட்டரை ஒன்றிரண்டு படி கூட்டிக் குறைத்தால் சரியாக வந்துவிடும். இரண்டு வினாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நிற்கும் பொருளை எடுப்பவர்களுக்கு நல்ல ட்ரைபாட் நான்கு லைட்டுக்குச் சமம். முதலில் மிஞ்சும் காசை அதில் போடுங்கள்.

தெர்மாகோலும் கறுப்புச் சார்ட்டும்

லைட்டுக்கு எதிர்ப் பக்கம் ஒரு முழு தெர்மாகோல் தட்டியை நிறுத்துங்கள். பொருளுக்கு அருகே நகர்த்தினால் நிழல் வெளுக்கும், தள்ளினால் கறுக்கும். இரண்டாவது லைட் செய்யும் வேலையை இது செய்கிறது, அதுவும் நிறம் மாறாமல். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கறுப்புச் சார்ட் இதற்கு நேர் எதிர், வெளிச்சத்தை விழுங்குவதற்கு. ஆரம்பத்தில் எல்லோரும் வெள்ளையைத்தான் தேடுவார்கள். கறுப்பின் அருமை எவர்சில்வர் எடுக்கும்போதுதான் தெரியும்.

எவர்சில்வர் சொம்பு ஒரு வளைந்த கண்ணாடி. அதில் தெரிவது சொம்பு அல்ல, உங்கள் அறை. ஜன்னல் கம்பி, நீங்கள், உங்கள் சுடிதார் எல்லாம் தெரியும். அதனால் சொம்புக்கு லைட் போடுகிறோம் என்று நினைக்காமல், சொம்பு எதைப் பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள். இடப்பக்கம் வேட்டிச் சட்டம், வலப்பக்கமும் மேலேயும் தெர்மாகோல், நடுவில் லென்ஸ் எட்டிப் பார்க்க மட்டும் சந்து. இப்போது சொம்பு முழுவதும் வெள்ளை. ஆனால் வெள்ளைப் பின்னணியில் ஓரம் கரைந்து காணாமல் போய்விடும். கறுப்புச் சார்ட்டை இரண்டு இஞ்ச் அகலப் பட்டையாக வெட்டி, சொம்பின் இரண்டு பக்கமும், படத்தில் விழாத அளவுக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். சொம்பின் ஓரத்தில் மை தீட்டியது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு எழும். வளைவு, கழுத்து, விளிம்பு எல்லாம் ஒரே நொடியில் உருவம் பெற்றுவிடும். பட்டையை அரை இஞ்ச் நகர்த்தினால் கோடு தடிக்கும், மெலியும். குத்துவிளக்கு, வெள்ளி நகை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சுங்குடிக்கு நேர்மாறு. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த உண்மையான சுங்குடியில், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாக மொட்டு மாதிரி எழும்பி நிற்கும். கையால் முடிச்சுப் போட்டதற்கு அதுதான் சாட்சி. நேர் முன்னாலிருந்து லைட் போட்டால் அந்த மொட்டு தட்டையாகி, அச்சுப் புள்ளி மாதிரி ஆகிவிடும். பல மணி நேரம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவரின் உழைப்பு படத்தில் காணாமல் போவது எனக்குப் பொறுக்காது. சட்டத்தைச் சேலையின் பக்கவாட்டுக்குக் கொண்டு போங்கள், வெளிச்சம் துணியை உரசிக்கொண்டு போகிற மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பக்கம் மின்னி, மறு பக்கம் குட்டி நிழல் போடும். எதிர்ப் பக்கத் தெர்மாகோலை நாலடி தள்ளியே வையுங்கள், ரொம்பப் பக்கம் வந்தால் அந்தக் குட்டி நிழல் அழிந்துவிடும். இன்னொன்று, இஸ்திரி போட்டு மொட்டை நசுக்கிவிடாமல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

பட்டுச் சேலைக்கு ஜரிகை மின்ன வேண்டும். ஜரிகையும் கண்ணாடி மாதிரிதான். லென்ஸ் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு, சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு கோணத்தில் முந்தானை முழுக்கச் சட்டென்று பொன்னாக எரியும், அங்கே நிறுத்துங்கள். சின்ன லைட்டில் இந்த மின்னல் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

கேமராவில் இரண்டு செட்டிங்

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சாம்பல் நிற அட்டையைப் பொருள் இருக்கும் இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து கஸ்டம் செட் செய்யுங்கள். மொபைலில் எடுப்பவர்கள் ப்ரோ மோடில் கெல்வினை ஓர் எண்ணில் நிறுத்திவிட்டு வேலை முடியும் வரை தொடாதீர்கள். ஆட்டோவில் விட்டால் மஞ்சள் சேலைக்கு ஒரு கணக்கு, நீலச் சேலைக்கு ஒரு கணக்கு என்று மாற்றிக்கொண்டே இருக்கும். வாங்குகிறவர் "கலர் வேற மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்புவது பாதி இதனால்தான்.

இரண்டாவது, ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான பல்புகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். வேகமான ஷட்டரில் எடுத்தால், முக்கியமாக மொபைலில், படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் போய்விடும். வீடியோவுக்கும் இதேதான். அரை வினாடியில் எடுக்கும்போது இந்தக் கவலையே இல்லை.

ஆட்களை எடுப்பதென்றால்

மனிதர்கள் அரை வினாடி அசையாமல் உட்கார மாட்டார்கள், குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே பல்பு திணறும், ஃபிளாஷ் வேண்டும். கோடாக்ஸ் டிடி600 (TT600) மாதிரி, பவரை நாமே கையால் வைக்கும் ஒரு மேனுவல் ஃபிளாஷும், கேமராவின் மேல் உட்கார்ந்து அதை வயரில்லாமல் அடிக்க வைக்கும் ட்ரிக்கரும் போதும். ரிசீவர் ஃபிளாஷுக்குள்ளேயே இருக்கிறது. சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டூடியோ மூடும்போது ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் சல்லிசாக வந்தால் ஜாக்கிரதை. சிலவற்றில் ட்ரிக்கர் வோல்டேஜ், அதாவது ஃபிளாஷை மாட்டும் இடத்தில் கேமராவுக்குள் வரும் வோல்டேஜ், மிக அதிகம், டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் போய்விடும்.

அதே வேட்டிச் சட்டம்தான், பல்பு இருந்த இடத்தில் ஃபிளாஷ். ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, ஷட்டர் 1/160 வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். வந்தால் அறையில் இருக்கும் எந்த வெளிச்சமும் இனி உங்கள் படத்தில் தலையிடாது. இனி ஃபிளாஷைப் போட்டு, கால் பங்கு பவரில் ஆரம்பித்துக் கூட்டிக் குறையுங்கள்.

ஆளுக்கு மூன்றடி தள்ளி, பக்கவாட்டில் 45 டிகிரியில், சட்டத்தின் மேல்முனை தலைக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். மூக்கின் நிழல் வாயோரத்தை நோக்கி இறங்கினால் இடம் சரி. கண்ணின் கருவிழியில் வேட்டி ஒரு வெள்ளை ஜன்னலாகத் தெரியும், அது இல்லாத முகத்தில் உயிர் இருக்காது. சுவரிலிருந்து ஆளை நாலடியாவது முன்னால் உட்கார வையுங்கள், நிழல் பின்சுவரில் விழாது.

கறுத்த தோலை எடுக்கும்போது கேமராவின் ஆட்டோ கணக்கை நம்பாதீர்கள். கறுப்பைப் பார்த்ததும் வெளிச்சம் குறைவு என்று நினைத்து அது முகத்தை வெளுக்கடித்துவிடும். கறுத்த தோலின் அழகு, வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும் மினுக்கத்தில் இருக்கிறது. கன்ன எலும்பு, நெற்றி, தோள் இவற்றில் பெரிய வெளிச்சம் ஒரு மெல்லிய பளபளப்பாக ஓட வேண்டும். அதற்குச் சட்டத்தை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். எண்ணெய் வழிந்தால் மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், பவுடர் அப்ப விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணைச் சுண்ணாம்பு வெள்ளையாக்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை, வைத்த லைட்டில்தான் குறை.

இரண்டாவது லைட் எப்போது வாங்கலாம் என்றால், பின்னணி சுத்த வெள்ளையாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான். ஆன்லைன் கடைகளுக்கான படங்களில் இது அடிக்கடி வரும். அப்போது முதல் பல்பு மாதிரியே, அதே கம்பெனி, அதே கெல்வினில் இன்னொன்று வாங்கி, பின்னணித் துணியை மட்டும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். அந்த வெளிச்சம் பொருளின் முதுகில் சிந்தாமல் இருக்க, நடுவில் ஒரு கறுப்புச் சார்ட்டைக் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். பின்னணி பொருளைவிட ஒரு ஸ்டாப் மட்டும், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சமாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பொருளின் ஓரம் மங்கி, பனி மூடியது போல ஆகிவிடும்.